கூப்பிட்டது யார்

பிப்ரவரி 20, வியாழன்

இன்று வேலையில் சேர்ந்தேன். வயதான கத்தோலிக்கக் குருக்கள் தங்கும் இல்லம். மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது. மதுரை ஆஸ்பத்திரியில் எனக்கு ஐ.சி.யு. நர்ஸ் டூட்டி, இரண்டு நோயாளிகளைப் பார்த்தால் போதும். இங்கே ஒன்பது சாமிமார். ஆனால் வென்டிலேட்டர் சத்தம் கிடையாது. மயில் கத்துகிறது.

சாமியாராகப் படிக்க ஜூனில் குருமடத்தில் சேரக் கேட்டிருக்கிறேன். இறையழைத்தலுக்குப் பொறுப்பான ஃபாதர் என் வயதைப் பார்த்து யோசித்தார். எனக்கு இருபத்தெட்டு. மற்றவர்கள் பிளஸ் டூ முடித்த பையன்கள். "அவசரம் வேணாம் பெர்க்மான்ஸ். ஜூன் வரைக்கும் வயசான சாமிமாரோட இருந்து பாருங்க. கடைசியில எப்படி இருக்கும்னு தெரிஞ்சுட்டு வாங்க. மனசுல ஓடுறதை எழுதி வைங்க" என்றார். அதனால் எழுதுகிறேன்.

பொறுப்பாளர் பவுலின் சிஸ்டர் அறைகளைச் சுற்றிக் காட்டினார். "ரெண்டு பேரு கொஞ்சம் கஷ்டம் தம்பி. ராயப்பன் சாமிக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை. ஜெரோம் சாமிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

பிப்ரவரி 23, ஞாயிறு

ராயப்பன் சாமிக்கு இடுப்பில் படுக்கைப் புண். காற்று மெத்தையில் ஓட்டை இருந்தது, டியூப் ஒட்டும் பசை வாங்கி ஒட்டினேன். நிற்கிறது.

அவர் என்னைச் சூசை என்று கூப்பிடுகிறார். இறந்துபோன தம்பியாம். "சூசை, மாட்டைக் கட்டிட்டியாடா?" "கட்டிட்டேன்ணே." உடனே நிம்மதியாகக் கஞ்சி குடிக்கிறார். இன்று கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் பெயர் வரவில்லை. "இந்த... இது... அள்ளுறது" என்றார். பிறகு அதன் மேல் சிலுவை வரைந்து ஆசீர்வதித்து என்னிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு இரண்டு முறை போன் அடித்தேன். அப்பா எடுக்கவில்லை. லாரியில் லோடோடு போயிருப்பார்.

பிப்ரவரி 27, வியாழன்

ஜெரோம் சாமியின் காலில் சர்க்கரைப் புண். தினமும் கட்டுப் போட வேண்டும். இரண்டு கைகளும் விடாமல் நடுங்கும், டம்ளரைத் தானாகப் பிடிக்க மாட்டார். மூன்று கோயில் கட்டியவர், பள்ளிக்கூடம் நடத்தியவர். பூசை நேரத்தில் சிற்றாலயத்தின் கடைசி பெஞ்சு ஓரமாகச் சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். மற்ற சாமிமார் பீடத்தைச் சுற்றி நின்று கூட்டாகப் பூசை வைக்கும்போது இவர் மட்டும் போவதில்லை.

கட்டுப் போடும்போது கேட்டார். "நீதான் குருமடத்துக்குப் போறவனா?"

"ஆமா சாமி. இன்னும் முடிவாகல."

"ஓடிப் போயிரு."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "உன்னை ஆண்டவர் கூப்பிட்டாராக்கும்?"

"அப்படித்தான் தோணுது சாமி."

"என்னை எங்கம்மா நேர்ந்து விட்டுட்டா. முன்னாடி நாலும் செத்துப் பொறந்துச்சு. அஞ்சாவது பிழைச்சா உனக்கேன்னு மாதாகிட்டச் சொல்லிட்டா. பிழைச்சுத் தொலைச்சேன். குரல் கிரல் ஒண்ணும் கேக்கல தம்பி. ஐம்பது வருசத்துக்கு மேலே காதைக் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

கட்டின் முடிச்சைச் சரியாகப் போட்டேனா என்று மூன்று முறை பார்த்தேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

ராயப்பன் சாமி நெற்றியில் பூசிய சாம்பலைத் தொட்டு நக்கிவிட்டு, "உப்பு இல்லை" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

அழைத்தல் எப்படி வந்தது என்று எழுதி வைக்க வேண்டும். பல நாளாகத் தள்ளிப் போட்டேன். எழுதினால் சின்னதாகிவிடுமோ என்ற பயம்.

போன வருடம் விபத்தில் அடிபட்ட ஒரு லாரி கிளீனரைக் கொண்டுவந்தார்கள். வடக்கே ஏதோ ஊர், நன்றாகத் தமிழ் பேசுவார். கூட யாருமில்லை. இனிப் பிழைக்க மாட்டோம் என்று மத்தியானம் அவருக்கே தெரிந்துவிட்டது. என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, "சார், எதாச்சும் சொல்லுங்க" என்றார். என்ன சொல்ல என்று கேட்டேன். "உங்க சாமிகிட்டச் சொல்லுங்க. எனக்குன்னு சொல்லுங்க."

எனக்குத் தெரிந்தது சின்ன வயதில் படித்த செபங்கள்தான். கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொன்னேன். பாதியில் எனக்குக் குரல் போய்விட்டது. ஏனென்றால் அந்தப் படுக்கையின் பக்கத்தில் நான் மட்டும் நிற்கவில்லை. இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. யாரையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. ஆனால் செருப்பைக் கழற்ற வேண்டும்போல இருந்தது. கழற்றினேன். ஐ.சி.யு.வின் குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு செபத்தை முடித்தேன். அவர் விரல் தளர்ந்தது.

பக்கத்துப் படுக்கையில் டூட்டியிலிருந்த சலோமி வந்து அவர் கண்களை மூடினாள். என் காலைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் அப்படித்தான், தேவையில்லாமல் கேட்க மாட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

சலோமி வந்தாள். நீலச் சுடிதார். பஸ் நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள், முகமெல்லாம் சிவந்துவிட்டது. இரண்டு வீட்டிலும் எங்கள் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது என்பதை இங்கே நான் இதுவரை எழுதவில்லை. இறையழைத்தல் ஃபாதருக்குத் தெரியும்.

அவள் வந்த நேரம் ஜெரோம் சாமிக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். கைப்பையை வைத்துவிட்டு, கை கழுவி, என்னை நகரச் சொல்லி, அவளே புண்ணைச் சுத்தம் செய்து கட்டினாள். சாமி முனகவே இல்லை. முடிந்ததும் என்னிடம், "மடையா, உன் கையை விட இந்தப் பிள்ளை கை எவ்வளவு இதமா இருக்கு பாரு" என்றார்.

மாந்தோப்பில் நின்று பேசினோம்.

"முடிவு பண்ணிட்டியா?"

"இன்னும் இல்லை."

"அப்ப நான் எங்க நிக்கட்டும்? பஸ் ஸ்டாண்டுலயா?"

கீழே கிடந்த மாவடுவைக் காலால் தள்ளினேன்.

"வேற ஒரு பொண்ணுன்னா அவ முன்னாடி போய் நின்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வந்துருவேன். நீ கடவுள்ங்கிற. நான் யார்கிட்டப் போய்ச் சண்டை போட?"

"சலோமி, நான் உன்னை வேணாம்னு சொல்லல."

"அதுதான் பெரிய கொடுமை. வேணாம்னு சொல்லியிருந்தா நான் அழுது முடிச்சிருப்பேன்." துப்பட்டாவால் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "அந்த கிளீனர் அண்ணன் செத்தப்ப உன் முகத்தைப் பார்த்தேன். அன்னிக்கே எனக்குத் தெரியும், பெர்க்மான்ஸ். நீ சொல்லுவன்னுதான் இத்தனை நாள் பேசாம இருந்தேன். போறதுன்னா போ. ஆனா குடும்பம், பொறுப்புன்னு பயந்துக்கிட்டுப் போகாத. பயந்து ஓடுறவன் சாமியானா, அந்த ஊர் ஜனம்தான் பாவம்."

மூன்றரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவளுக்கு.

மார்ச் 17, திங்கள்

ஒன்பது பேருக்கும் நகம் வெட்டினேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 29, சனி

அப்பா வந்தார். திண்டுக்கல் மார்க்கெட்டில் வெங்காய லோடு இறக்கிவிட்டு லாரியை இல்லத்தின் கேட் முன்னால் நிறுத்தியிருந்தார். உள்ளே கூப்பிட்டேன். வர மறுத்துவிட்டார். லாரி நிழலில் நின்று பேசினோம். அம்மா இறந்து ஆறு வருடம். நான் ஒரே பிள்ளை. வீட்டில் அவருக்குச் சமைத்துச் சாப்பிடவே மனமில்லை என்று சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது, தொளதொளவென்று இருந்தது.

"உங்கம்மா இருந்திருந்தா சந்தோசத்துல ஊரைக் கூட்டியிருப்பா. நான் அவ இல்லை" என்றார்.

"தெரியும்ப்பா."

"எனக்குப் பேரப்பிள்ளை வேணும். மறைச்சுப் பேசத் தெரியாது எனக்கு."

கேட் வழியாக உள்ளே பார்த்தார். வராந்தாவில் சாமிமார் சக்கர நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ராயப்பன் சாமி தன் செருப்பை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இவங்களுக்கெல்லாம் யாருமில்லையா?"

"நான் இருக்கேன்ப்பா."

"உனக்கு?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் வண்டியில் ஏறிவிட்டார். எனக்கு வயசானா யார் பார்ப்பா என்று கேட்பார் என நினைத்திருந்தேன். கடைசிவரை கேட்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ராயப்பன் சாமி சாப்பிடுவது குறைந்துவிட்டது. விழுங்க மறந்துபோகிறார். டாக்டர் வந்து பார்த்து, "டியூப் எல்லாம் போட்டுச் சிரமப்படுத்த வேணாம், இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெரோம் சாமி தன் நாற்காலியை அவர் அறைக்குத் தள்ளச் சொன்னார். இருவரும் குருமடத்தில் ஒரே வகுப்பு, ஒரே நாளில் குருப்பட்டம் பெற்றவர்கள் என்று இன்றுதான் தெரிந்தது. "லத்தீன்ல இவன்தான் முதல். எனக்கு ஒரு மண்ணும் ஏறாது. இவன்தான் உக்கார வச்சு மனப்பாடம் பண்ண வைப்பான்."

ராயப்பன் சாமி அவரை அடையாளம் தெரியாமல், "டாக்டரா?" என்றார்.

திரும்பி வரும் வழியில் ஜெரோம் சாமி தானாகச் சொன்னார். கடைசியாக இருந்த பங்குக் கோயிலில், திருவிழாப் பூசையில், எழுந்தேற்றத்துக்காக மேலே தூக்கும்போது கை ஆடி இரசக் கிண்ணம் சாய்ந்துவிட்டது. ஆண்டவருடைய இரத்தமாகிவிட்ட இரசம் பீடத் துணியெல்லாம் நனைத்துத் தரையில் வழிந்தது. கோயில் முழுக்க 'ஆ' என்று ஒரு சத்தம். "ஒரு பொம்பளை அழுதுச்சு. தரையில முழங்கால் போட்டு நானே துடைச்சேன். எந்திரிக்க முடியல, ரெண்டு பேரு தூக்கி விட்டாங்க. அதோட சரி. அன்னிலருந்து பீடத்துப் பக்கம் போகல."

"அது வியாதி சாமி. உங்க தப்பு இல்லையே."

"வியாதின்னு எனக்குத் தெரியாதா? யாரும் கூப்பிடாம உள்ள வந்தவன், அதான் வெளிய தள்ளிட்டாருன்னு தோணிருச்சு."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வந்தேன். அவர் முகத்தை நான் பார்க்க முடியாத இடத்தில் நின்றது நல்லதாய்ப் போயிற்று, இருவருக்கும்.

ஏப்ரல் 15, பெரிய வாரச் செவ்வாய்

எப்படியாவது இதை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

இன்று பேராலயத்தில் ஆயர் எண்ணெய் மந்திரிக்கும் பூசை. மறைமாவட்டத்துக் குருக்கள் எல்லோரும் ஆயரோடு கூடும் நாள். காலையிலேயே வேன் வந்து, உட்கார முடிந்த சாமிமாரையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனது. பக்கத்துப் பங்குச்சாமிகளும் போய்விட்டார்கள். ஜெரோம் சாமி வர மாட்டேன் என்று இருந்துவிட்டார். ராயப்பன் சாமி படுக்கையில்.

பதினோரு மணி வாக்கில் ராயப்பன் சாமியின் மூச்சு மாறியது. நாலு மூச்சு, பிறகு நின்றுபோகிறது, மறுபடி ஆரம்பிக்கிறது. ஐ.சி.யு.வில் எத்தனையோ முறை பார்த்தது. பவுலின் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் போன் மேல் போன் அடித்தார். எல்லாச் சாமிமாரும் பூசையில். வந்து சேர இரண்டு மணி நேரமாகும்.

ஜெரோம் சாமியிடம் ஓடினேன். "ராயப்பன் சாமிக்குக் கடைசி மூச்சு இழுக்குது, அவஸ்தை எண்ணெய் பூசணும் சாமி."

"வேற யாரையாச்சும் கூப்பிடு."

"வேற யாருமில்லை சாமி."

கைகளைத் தூக்கிக் காட்டினார். காற்றில் இலை ஆடுவதுபோல ஆடின. "பாரு. நல்லாப் பாரு. இந்தக் கையை வச்சு அவன் கண்ணுல குத்தவா?"

"நான் பிடிச்சுக்கிறேன் சாமி."

என்னை முறைத்தார். பிறகு, "ஸ்டோல் அலமாரியில கிடக்கும். எடு" என்றார்.

அந்த நீளத் துணியை அவர் கழுத்தில் போட்டு, எண்ணெய்ச் சிமிழை எடுத்து, நாற்காலியைப் படுக்கையோடு ஒட்டி நிறுத்தினேன். "வெளிய நில்லு, கூப்பிடுறேன்" என்றார். பாவசங்கீர்த்தனம் அல்லவா, பாவத்தைச் சொல்வதை வேறு யாரும் கேட்கக் கூடாது. கதவைச் சாத்திவிட்டு வராந்தாவில் நின்றேன். வெயிலில் கண் கூசியது. சிஸ்டர் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். நேரம் போனது. ஒருவேளை மறந்து தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். பிறகுதான் கூப்பிட்டார்.

முகமெல்லாம் நனைந்திருந்தது. மூக்கு ஒழுகுவதைக்கூடத் துடைக்கவில்லை. "பிடி" என்றார்.

பின்னாலிருந்து குனிந்து அவருடைய வலது மணிக்கட்டை என் இரண்டு கைகளாலும் பிடித்தேன். அந்த நடுக்கம் என் தோள்வரை ஏறியது. அவர் பெருவிரலை எண்ணெயில் தோய்த்தார். நெற்றியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. செபத்தைச் சொன்னது அவர் வாய். கோட்டை இழுத்தது அவர் விரல். ஆனால் எங்கே அவர் பலம் முடிந்தது, எங்கே என் பலம் தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இல்லாத மூன்றாவது ஒரு பலம் எங்கள் இருவரையும் சேர்த்துப் பிடித்திருந்தது. உள்ளங்கைகளில் பூசும்போது நடுக்கம் என் கையில் தெரியவில்லை. நின்றுவிட்டதா, நான்தான் உணரவில்லையா, சொல்ல முடியவில்லை.

ராயப்பன் சாமி ஒரு மணிக்கு முன்பே போய்விட்டார். சிரமமே இல்லை. ஒரு மூச்சு நின்றது, அடுத்தது வரவில்லை.

உடலைக் குளிப்பாட்டி, பூசை உடுப்பு உடுத்தினேன். அதன்பின் ஜெரோம் சாமிக்குக் காப்பி புகட்டும்போது அவர் சொன்னார்.

"அவனுக்குப் பாவமன்னிப்புக் கொடுத்தேன். கொடுத்து முடிச்சதும் எனக்கு என்னமோ ஆயிருச்சு. அவன் காதுகிட்டப் போயி என் மனசுல கிடந்த எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவனுக்கு எங்கே புரியப் போகுதுங்கிற தைரியம்தான். யாரும் கூப்பிடாம வந்தது, கிண்ணம் கவுந்தது, ஆண்டவர் மேல இருந்த கோபம், அத்தனையும். சொல்லி முடிச்சேன். அவன் கண்ணைத் திறந்தான். கையைத் தூக்கினான்டா. லத்தீன்ல பாவமன்னிப்பு மந்திரம் முழுசும் சொன்னான். ஒரு எழுத்து பிசகல. கரண்டிக்குப் பேர் தெரியாதவன்."

காப்பி அவர் தாடையில் வழிந்தது. துடைத்தேன்.

"என்னை அவனுக்கு அடையாளம் தெரிஞ்சுச்சான்னு எனக்குத் தெரியாது. தெரியலைன்னுதான் நினைக்கிறேன். ஆனா எதுக்கு வந்தேன்னு தெரிஞ்சிருக்கு. என்னை யாரு கூப்பிட்டாங்கன்னு இன்னமும் எனக்குத் தெரியாது தம்பி. அவன் வாயில வந்தது அவன் பேச்சு இல்லை. அது மட்டும் தெரியும்."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவ எழுந்தேன். எண்ணெய் வாசம் இருந்தது. கழுவாமல் உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

அடக்கம். ஆயர் வந்தார். ஊரிலிருந்து தம்பி மகன் ஒருவர் மட்டும் வந்தார். காற்று மெத்தையைக் கழுவிக் காய வைத்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

உயிர்ப்புப் பெருவிழா. ஒன்பது தட்டு எடுத்து வைத்துவிட்டேன். சிஸ்டர் ஒரு தட்டை உள்ளே கொண்டுபோனார்.

மே 15, வியாழன்

ராயப்பன் சாமியின் முப்பதாம் நாள். நேற்று ஜெரோம் சாமி சொன்னார், "நாளைக்கு அவனுக்கு நான் பூசை வைக்கிறேன். நீ பக்கத்துல நில்லு."

பவுலின் சிஸ்டர் நாற்காலிக்கு ஏற்ற உயரத்தில் ஒரு மேசையைப் பீடமாக்கினார். மற்ற சாமிமார் முன்னால் உட்கார்ந்தார்கள். சமையல் செய்யும் இரண்டு அக்காமாரும் வந்து நின்றார்கள். வாசகத்தைத் திக்கித் திக்கிப் படித்தார். பிரசங்கம் வைக்கவில்லை. அப்பத்தை எடுத்தபோதும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அப்பம் பயமில்லை. அடுத்தது கிண்ணம்.

கால்வாசிதான் ஊற்றியிருந்தார்கள். இருந்தாலும் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள் என்று நிமிராமலே தெரிந்தது. அவர் வசனத்தைச் சொன்னார். நாங்கள் தூக்கினோம். மேலே போய் ஒரு கணம் அசையாமல் நின்றது. இறக்கும்போது ஒரு குலுக்கல். ஒரே ஒரு துளி விளிம்பில் வழிந்து என் மணிக்கட்டில் விழுந்தது.

 அந்த இடம் சுட்டது என்றுதான் சொல்வேன்.

ஜெரோம் சாமி பதறவில்லை. கிண்ணத்தை மெல்ல வைத்தார். என் கையை இழுத்து, குனிந்து, அந்தத் துளியை என் தோலிலிருந்து உதட்டால் எடுத்துக்கொண்டார். முள்ளாய் வளர்ந்த தாடி குத்தியது. பிறகு விரலை நீரில் நனைத்து அந்த இடத்தைக் கழுவினார். நிமிர்ந்து பூசையைத் தொடர்ந்தார். யாரும் சத்தம் போடவில்லை. ஒரு அக்கா மட்டும் தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு தரையில் விழுந்து கும்பிட்டார்.

கடவுள் இப்படி ஒரு கிழவரின் ஆடும் கையில் தன்னை விட்டுக்கொடுத்திருக்கிறார். சிந்தினாலும் சிந்தட்டும் என்று. 

மாலையில் இறையழைத்தல் ஃபாதருக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்று சொன்னேன்.

மே 25, ஞாயிறு

சலோமியிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று மதுரை போனேன். ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்தோம். நான் வாயைத் திறக்குமுன், "சொல்ல வேணாம். முகத்துலயே இருக்கு" என்றாள்.

"என்னை மன்னிச்சிரு."

"பயந்துக்கிட்டுப் போறியா?"

"இல்லை. உன்னை விட்டுட்டுப் போறதுதான் பயமா இருக்கு."

தலையை ஆட்டினாள். டீயை முழுக்கக் குடித்தாள். "வீட்ல மாப்பிள்ளை பார்க்கச் சொல்லிட்டேன். கல்யாணத்துக்கு வராத. குழந்தை பொறந்தா வா, ஞானஸ்நானத்துக்கு. அதுக்குள்ள சாமியாயிருந்தா நீயே கொடு." எழுந்துவிட்டாள். "நான் அழல" என்றாள். நான் கேட்கவேயில்லை.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாகப் போனாள். இன்று அவளுக்கு வார விடுமுறை. எனக்குத் தெரியும்.

ஜூன் 11, புதன்

ஜெரோம் சாமி விடை கொடுக்கும்போது காலில் கட்டு இறுகிவிட்டது என்று திட்டினார், அவ்வளவுதான். புதிதாக வந்திருக்கும் நர்ஸ் தம்பியிடம் மாத்திரை நேரங்களைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கேட்டில் லாரி நின்றது. நான் அப்பாவுக்குத் தேதி மட்டும்தான் சொல்லியிருந்தேன், வரச் சொல்லவில்லை. "ஏறு. பஸ்ல பெட்டியைத் தூக்கிட்டு அலையாத" என்றார்.

வழியெல்லாம் டயர், டீசல், மழை என்று பேசிக்கொண்டு வந்தார். குருமடத்து வாசலில் லாரியை நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். பையன்கள் அப்பா அம்மாவோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"எட்டு வருசம் ஆகுமாமே."

"ஆமாப்பா."

"நடுவுல வேணாம்னு தோணிச்சுன்னா போன் பண்ணு. வெக்கப்படாத. எந்த ஊர்ல நின்னாலும் லோடை இறக்கிப் போட்டுட்டு வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

"தோணலைன்னா?"

ஸ்டீயரிங்கைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "தோணலைன்னா... பட்டம் கொடுக்குற அன்னிக்கு நான் வேட்டி கட்டிட்டு வரணுமா, பேண்ட் போட்டுட்டு வரலாமான்னு உள்ள கேட்டு வை."

அவர் கையைப் பிடித்தேன். சிறு வயதுக்குப் பிறகு பிடித்ததில்லை. பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

முற்றத்தைக் கடந்து, படியேறி, வரிசையில் பையன்களுக்குப் பின்னால் நின்றேன். என் முறை வந்தது. பெயர் கேட்டார்கள், சொன்னேன். ஊர் கேட்டார்கள், சொன்னேன். அறையைக் காட்டினார்கள். வாசலில் லாரி கிளம்பும் சத்தம் இன்னும் கேட்கவில்லை.